அந்தச் சாயக் கண்ணாடியை எங்கள் வெயிலில் வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிச்சம் பட்டால் நிறம் மாறுகிற, ஒளிர்கிற சாயங்களைக் கண்ணாடிக்குள் பூட்டிவைப்பது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த மாதிரி விஷயத்தை எடுத்து எழுதுகிறவர்கள் குறைவு, அதற்கு முதலில் நன்றி. ஆனால் எங்கள் கரையில் யாரிடம் எந்தச் சாயத்தைக் காட்டினாலும், அது படகுக்கு அடிக்கிற பெயிண்டாக இருக்கட்டும், கடைக்கு முன்னால் கட்டுகிற தார்ப்பாயாக இருக்கட்டும், முதலில் கேட்பது "வெயில் தாங்குமா, எத்தனை நாள் தாங்கும்?" என்றுதான். கட்டுரை முழுக்கத் தேடினேன், அந்தக் கேள்வி எங்கும் இல்லை. இந்தப் பொருளைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி என்று நான் நினைப்பதால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. வேதியியல் படித்துவிட்டு, தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை கரையோரம் இருக்கிற இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர் பரிசோதித்துச் சொல்வதைத் தொழிலாக வைத்திருக்கிறவன். உப்பளவு, பி.எச்., அம்மோனியா எல்லாம் பார்ப்போம், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன், பண்ணைக்காரர்கள் டி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வனாமி இறால் வளர்க்கிற குட்டையில் அது லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியதே 6 மில்லிகிராம் சொச்சம்தான், ஆக எங்களுக்குக் கையிருப்பே கம்மி. பகலில் குட்டையில் இருக்கிற நுண்பாசி ஆக்சிஜனை விடும், இருட்டினால் அதே பாசியும் இறாலும் அடியில் தேங்கிய சகதியும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும், அதனால் விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் உண்மையான ஆபத்து. அந்த நேரத்தில் கரண்ட் போய், தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றுகிற ஏரேட்டர் நின்றுவிட்டால் ஒரு போகமே போய்விடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஆக்சிஜனை அளக்கிற மீட்டரின் நுனியில்தான் உங்கள் கட்டுரையில் வந்த பொருள் உட்கார்ந்திருக்கிறது.

பழைய முறை தெரிந்தவர்களுக்குத் தெரியும், 1888-இல் விங்க்ளர் என்ற ஹங்கேரிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி மாங்கனீசும் அயோடைடும் விட்டு, அமிலம் ஊற்றி, பியூரெட்டில் சொட்டுச்சொட்டாக விட்டுக் கண்டுபிடிப்பது. இன்றைக்கும் சந்தேகம் வந்தால் அதுதான் கடைசித் தீர்ப்பு, ஆனால் இருட்டில் கரையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை. அப்புறம் 1950களில் கிளார்க் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த சவ்வு மின்முனை. அது தன் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜனைத் தானே தின்றுவிடும், அதனால் தண்ணீரை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், சவ்வு மாற்ற வேண்டும், உள்ளே கரைசல் ஊற்ற வேண்டும். இப்போது வருகிற மீட்டரில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நுனியில் சின்ன மூடி, அதற்குள் மெல்லிய படலம், படலத்தில் ஒரு சாயம். உள்ளேயிருந்து நீல எல்.இ.டி. வெளிச்சம் அடிக்கும், சாயம் செம்மையாக ஒளிரும், ஆக்சிஜன் வந்து மோதினால் அந்த ஒளி மங்கும். ஆக்சிஜன் அதிகம் என்றால் ஒளி மங்கல், ஆக்சிஜன் குறைவு என்றால் ஒளி பளிச். அந்த ஒளி எத்தனை மைக்ரோ விநாடி நீடிக்கிறது என்று கருவி கணக்குப் போட்டு நமக்கு எண்ணாகக் காட்டும். பெரும்பாலும் ருத்தேனியம், பிளாட்டினம் போன்ற உலோகத்தை நடுவில் வைத்து அதைச் சுற்றிக் கரிம, அதாவது கார்பனால் ஆன, வளையங்கள் கட்டிய மூலக்கூறுகள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. சில கம்பெனிகள் அதைப் பிளாஸ்டிக்கில் கலந்து படலமாக்குகின்றன, சில சிலிக்காவில், அதாவது மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே பொருளில்.

மூடியை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கையேட்டில் போட்டிருப்பார்கள். அந்த மூடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரும் வரை பண்ணைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். "இத்துனூண்டு மூடிக்குள்ள அப்படி என்னதான் தம்பி இருக்கு, இங்க யாரும் செய்ய முடியாதா?" என்று என்னிடம் கேட்காத பண்ணை உரிமையாளர் இல்லை. செய்ய முடியும் என்பதுதான் என் பதில். முடியாது என்று சொல்கிற அளவுக்கு அதில் பெரிய உலையோ பெரிய ஆலையோ தேவைப்படுவதில்லை.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போன இன்னொரு இடம் இது, எப்படிச் சாயத்தைக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள் என்பது. படிக்கிறவர் உருக்கிய கண்ணாடியில் சாயப்பொடியைத் தூவுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அது நடக்கவே நடக்காது. கண்ணாடி உலை 1500 டிகிரிக்குப் பக்கத்தில் எரிகிறது, சுத்தமான சிலிக்காவை உருக்க 1700 டிகிரி வேண்டும், கரிமச் சாயங்களில் பெரும்பாலானவை 200, 300 டிகிரி தாண்டினாலே கருகிப்போகும். அதனால்தான் காலங்காலமாகக் கண்ணாடிக்கு நிறம் கொடுத்தது உலோகங்கள், நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குக் குரோமியம், சிவப்புக்குத் தங்கத்துகள் என்று.

கரிமச் சாயத்தை உள்ளே வைக்க வேண்டுமென்றால் நெருப்பே இல்லாமல் கண்ணாடி செய்ய வேண்டும். அதற்கான வழி புதிதும் இல்லை. 1840களில் எபெல்மென் என்ற பிரெஞ்சுக்காரர் சிலிக்கானும் ஆல்கஹாலும் சேர்ந்த ஒரு திரவத்தை ஈரக்காற்றில் விட்டுவைத்தபோது அது மெல்ல மெல்லக் கண்ணாடி போன்ற கட்டியாக மாறியதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். இன்றைக்கு அதைத்தான் சோல்-ஜெல் முறை என்கிறார்கள். டெட்ரா எத்தாக்சி சிலேன், சுருக்கமாக டியோஸ், என்ற நிறமில்லாத திரவத்தை எடுத்துக்கொள்வார்கள். அதுவும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காது, அதனால் நடுவில் எத்தனால் ஊற்றி இரண்டையும் சேர்த்துவைப்பார்கள். சில சொட்டு அமிலம் விட்டதும் தண்ணீர் அந்த மூலக்கூறிலிருந்து எத்தனாலைக் கழற்றிவிட்டுத் தான் போய் உட்காரும். அப்படி மாறியவை ஒன்றோடொன்று கைகோத்து, கோத்த இடத்தில் தண்ணீரை வெளியே தள்ளி, சிலிக்கான் ஆக்சிஜன் சிலிக்கான் என்று வலையாகப் பின்னிக்கொண்டே போகும். இந்தக் கரைசலில் முன்கூட்டியே சாயத்தைக் கரைத்துவிட்டால், வலை பின்னும்போது ஒவ்வொரு சாய மூலக்கூறையும் சுற்றி ஒரு கூண்டு எழும்பிவிடும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ முழுக் கரைசலும் நுங்கு மாதிரி ஆடுகிற கூழாக நிற்கும். அதை அவசரப்படாமல் உலர்த்த வேண்டும், மூடியில் ஊசித்துளை போட்டுவைத்து வாரக்கணக்கில். வேகமாகக் காய்ந்தால் நுண்துளைகளுக்குள் இருக்கிற திரவம் சுவர்களை உள்பக்கம் இழுத்து, கட்டி பாளம்பாளமாக வெடித்துவிடும். எல்லாம் அறை வெப்பத்தில். மெல்லிய படலம் வேண்டுமென்றால் இன்னும் எளிது, கண்ணாடித் தகட்டைக் கரைசலில் முக்கி ஒரே சீராக மேலே தூக்கினால் போதும்.

நெருப்பில்லாமல் கண்ணாடி செய்வதில் எங்கள் கடலுக்கு மனிதரைவிட மூத்த அனுபவம் உண்டு என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. கடல்நீரில் மிதக்கிற டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகள், தண்ணீரில் கரைந்திருக்கிற சொற்ப சிலிக்காவை எடுத்து, சல்லடை மாதிரித் துளையிட்ட கண்ணாடி ஓட்டைத் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பார்க்கலாம். ரோடமின் 123 என்கிற ஒளிரும் சாயத்தைத் தண்ணீரில் கலந்து வைத்தால் டயட்டம் புதிதாகக் கட்டுகிற ஓட்டுக்குள் அந்தச் சாயமும் போய்ப் பதிந்துவிடும், எந்தப் பகுதி புதிதாகக் கட்டியது என்று கண்டுபிடிக்க உயிரியலாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். கரிமச் சாயத்தைச் சிலிக்காவுக்குள் வைப்பதை ஆய்வகத்துப் புதுமை என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், கடலோரத்துப் பிள்ளைக்கு அது தன் வீட்டு வாசலில் நடக்கிற விஷயம் என்று தெரியாமலே போய்விடும்.

சரி, கூண்டுக்குள் போன சாயத்துக்கு என்ன ஆகிறது? 1984-இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அவ்னிர், லெவி, ரெய்ஸ்ஃபெல்ட் மூவரும் ரோடமின் 6ஜி என்ற சாயத்தைச் சிலிக்காவுக்குள் வைத்துப் பார்த்தார்கள். கரைசலில் இருப்பதைவிட அது வெளிச்சத்தை அதிக நேரம் தாங்கியது. கூண்டுக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக இருப்பதால் ஒன்றையொன்று அணைத்து ஒளியை மங்கடிக்கிற பிரச்சினையும் குறைந்தது. இந்த ஆய்வுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க ஆளாளுக்கு ஒரு சாயத்தை எடுத்துச் சிலிக்காவுக்குள் வைக்க ஆரம்பித்தார்கள், லேசருக்கு, சென்சாருக்கு, நிறம் மாறும் கண்ணாடிக்கு என்று. "கண்ணாடிக்குள் வைத்தால் சாயம் பாதுகாப்பாக இருக்கும்" என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் சொன்னது இதிலிருந்து வந்ததுதான். அந்த வரி பாதி உண்மை. மீதிப் பாதிதான் எங்களுக்கு முக்கியம்.

இதற்கும் முன்னால், 1931-இல், ஜெர்மனியில் கவுட்ஸ்கி என்றொரு வேதியியலாளர் சிலிக்கா ஜெல் துகள்களின்மேல் சாயத்தைப் படியவைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு வகைத் துகளில் வெளிச்சத்தை வாங்குகிற சாயம். இன்னொரு வகைத் துகளில் ஆக்சிஜன் தாக்கினால் நிறம் மாறுகிற வேறொரு பொருள். இரண்டையும் கலந்து ஆக்சிஜன் கொஞ்சம் விட்டு வெளிச்சம் அடித்தால், ஒன்றையொன்று தொடாமலே இரண்டாவது துகளில் நிறம் வந்தது. வெளிச்சத்தை வாங்கிய சாயம் தன் ஆற்றலை ஆக்சிஜனிடம் கொடுக்கிறது, ஆற்றல் பெற்ற ஆக்சிஜன் பறந்துபோய் அடுத்த துகளைத் தாக்குகிறது என்று அவர் சொன்னார். அப்போது பலர் ஒப்புக்கொள்ளவில்லை, பல்லாண்டு கழித்துத்தான் அவர் சொன்னது சரி என்று நிலைபெற்றது. அந்த வெறிபிடித்த ஆக்சிஜனுக்கு இன்று சிங்லெட் ஆக்சிஜன் என்று பெயர்.

இப்போது என் மீட்டர் மூடிக்கு வாருங்கள். ஆக்சிஜன் வந்து சாயத்தின் ஆற்றலைப் பிடுங்கிக்கொள்வதால்தான் ஒளி மங்குகிறது, அதை வைத்துத்தான் அளக்கிறோம். அப்படிப் பிடுங்கிக்கொண்ட ஆக்சிஜன் சிங்லெட் ஆக்சிஜனாக மாறி, தனக்கு ஆற்றல் கொடுத்த அதே சாயத்தைத் திரும்பித் தாக்குகிறது, சாயம் கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. சாயம் நெடுநாள் இருக்க வேண்டுமென்றால் கூண்டை நெருக்கமாகக் கட்டி ஆக்சிஜனை வெளியே நிறுத்த வேண்டும். அளக்க வேண்டுமென்றால் கூண்டின் கதவைத் திறந்துவிட்டு ஆக்சிஜனை உள்ளே வரவழைக்க வேண்டும். இரண்டும் ஒரே கூண்டில் முடியாது, எங்கோ ஒரு இடத்தில் சமாதானம் செய்துகொள்ள வேண்டும், அந்த இடம் எது என்பது வெளிச்சம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். ஐரோப்பாவில் ஒரு ஏரிக்கு ஏற்றதாகச் செய்த சமாதானம் தேவிபட்டினத்துக் குட்டைக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

வெப்பம் என்றதும், உங்கள் கட்டுரை பெருமையாகச் சொன்ன நிறம் மாறும் மூக்குக்கண்ணாடி நினைவுக்கு வருகிறது. அதில் இருக்கிற ஸ்பைரோ ஆக்சசின், நாப்தோபைரான் வகைச் சாயங்கள் புறஊதாக் கதிர் பட்டால் ஒரு கட்டு அவிழ்ந்து விரிந்து கருமையாகும், கதிர் போனதும் சூட்டிலேயே பழையபடி மூடிக்கொள்ளும். சூடு அதிகமானால் மூடிக்கொள்வதும் வேகமாகும், அதனால் குளிர்ப் பிரதேசத்தில் நன்றாகக் கறுக்கிற அதே கண்ணாடி வெக்கையில் அவ்வளவு கறுக்காது. மே மாத மத்தியானம் தனுஷ்கோடி மணலில் நிற்கிறவருக்குத்தான் கருமை அதிகம் தேவை, அவருக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கும். மூக்குக்கண்ணாடியில் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், சிலிக்கா இல்லை. ஆனால் சிலிக்காவுக்குள் வைத்தாலும் இந்த வகை மூலக்கூறுகளுக்கு வேறு சங்கடம் உண்டு. ஸ்பைரோபைரான் என்ற சாயம் விரிவதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும், கூண்டு நெருக்கமாக இருந்தால் கைகாலை நீட்ட முடியாது. அதோடு சிலிக்காவின் உள்சுவரில் இருக்கிற ஹைட்ராக்சில் குழுக்கள் விரிந்த நிலையை இறுகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எல்லாம் தலைகீழ்: சும்மா இருக்கும்போது நிறத்தோடும், வெளிச்சம் பட்டால் வெளிறியும் நிற்கும். லெவியும் அவ்னிரும் 1980களின் இறுதியில் இதைக் காட்டினார்கள். டியோஸ் மாதிரியே, ஆனால் மெத்தில் குழு ஒட்டிய சிலேனைக் கலந்து சுவரைக் கொஞ்சம் எண்ணெய்த்தன்மையாக்கினால் இந்தப் பிடி தளர்கிறது. ஆக ஒரே சாயம், கூண்டின் சுவரைப் பொறுத்து வேறு வேறு குணம்.

அடுத்தது தண்ணீர். கண்ணாடி கரையாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலையில் உருக்காத, படிகமாகாத சிலிக்கா தண்ணீரில் கரையும், லிட்டருக்கு 100 மில்லிகிராம் சொச்சம் வரை. கடல்நீரில் சிலிக்கா மிகக் குறைவு, டயட்டம்கள் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் எப்போதும் பற்றாக்குறைதான், அதனால் கடல்நீரில் போட்ட சிலிக்கா மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். செத்த டயட்டம்களின் ஓடுகளில் பெரும்பகுதி அடிமண்ணுக்குப் போய்ச்சேராமல் வழியிலேயே கரைந்துவிடுவதும் இதனால்தான். காரத்தன்மை கூடினால் இன்னும் வேகம். எங்கள் குட்டைகளில் மத்தியானம் பாசி கரியமிலவாயுவை எடுத்துக்கொண்டதும் பி.எச். 8.5-ஐத் தாண்டி 9 வரைகூடப் போகும். மைக்ரான் கணக்கில் இருக்கிற படலம் இதில் எத்தனை மாதம் நிற்கும், சாயம் ஒளியால் சாகும் முன்னால் கூண்டே கரைந்துவிடுமா, பாசியும் சிப்பியும் ஒட்டினால் துடைத்து எடுக்கும்போது படலம் உரிந்துவருமா, இதெல்லாம் ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரை வைத்துச் சொல்லக்கூடிய பதில் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன், இந்தப் படலங்களை இங்கே கொண்டுவந்து வெயிலில் வையுங்கள்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. வண்ணப்பூச்சு உலகத்தில் புதுப் பெயிண்ட் ஒன்று வந்தால் பிளோரிடாவிலும் அரிசோனாவிலும் தகடுகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள், ஒன்று புழுக்கமான வெயில், இன்னொன்று வறண்ட வெயில். நம் கையிலேயே அதற்கு நிகரான இடம் இருக்கிறது. காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபம் முகாமில் உலோக அரிப்பைச் சோதிக்கிற தளம் இருக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் பூச்சுகளையும் கடல்காற்றில் வைத்து எவ்வளவு வேகத்தில் தின்கிறது என்று பார்க்கிற இடம், நாட்டிலேயே உலோகத்தை மிக மோசமாக அரிக்கிற காற்று உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. உலோகத்துக்கு அந்த இடம் தேவை என்று அன்றைக்கே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. சாயமேற்றிய சிலிக்காவுக்கும் அதே இடத்தில் ஒரு ராக் போட என்ன தடை? 9 டிகிரி அட்சரேகை, கோடையில் புறஊதாக் குறியீடு நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம், இரண்டு பக்கமும் கடல், கச்சான் காற்று எழும்பினால் உப்பும் மணலும் சேர்ந்து முகத்தில் அறையும். இங்கே தாங்கினால் வேறு எங்கேயும் தாங்கும்.

பெரிய நிறுவனம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பரமக்குடி அரசு கலைக் கல்லூரி மாதிரி மாவட்டத்தில் இருக்கிற கல்லூரிகளின் வேதியியல் துறைகளும், தொண்டியில் இருக்கிற அழகப்பா பல்கலைக்கழகக் கடலியல் துறையும் முதுகலை மாணவர்களின் ஆய்வுத்திட்டமாகவே இதைச் செய்யலாம். நுண்ணோக்கி ஸ்லைடில் படலம் போட்டு, பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்கு பார்த்துச் சாய்த்து மொட்டைமாடியில் வைக்க வேண்டும். அதே படலம் ஒன்று மண்டபத்தில், ஒன்று பரமக்குடியில், வெயில் ஏறக்குறைய ஒன்றுதான், உப்பு மட்டும் வேறு, அப்படி வைத்தால் எது வெயிலின் வேலை எது உப்பின் வேலை என்று பிரிந்துவிடும். ஒன்று இருட்டு அலமாரியில். ஒன்று வலைப்பைக்குள் போட்டு இறால் குட்டைக்குள். துணிச் சாயத்தின் வெயில் தாங்கும் திறனைப் பார்க்க ப்ளூ வூல் என்று எட்டுத் துணித்துண்டுகள் கொண்ட அளவுகோல் ஒன்று விற்கிறது, முதல் துண்டு சீக்கிரம் வெளுக்கும், எட்டாவது கடைசியில், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். அதை ஸ்லைடுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால், இந்தப் படலம் நான்காவது துண்டு அளவு தாங்கியது, ஆறாவது அளவு தாங்கியது என்று யாருக்கும் புரிகிற மாதிரி சொல்லலாம். மாதம் ஒருமுறை கல்லூரியில் இருக்கிற, நிறத்தின் அடர்த்தியை அளக்கிற கலரிமீட்டரில் வைத்து அளந்தால் போதும். இதற்கு லட்சக்கணக்கில் செலவு ஆகாது, பொறுமைதான் ஆகும்.

ஒளிரும் சாயம் எடுத்தால் பிரகாசத்தை மட்டும் அளந்து நிறுத்தாமல், முடிந்தவர்கள் ஒளி நீடிக்கும் நேரத்தையும் அளக்க வேண்டும். சாயம் பாதி அழிந்தால் பிரகாசமும் பாதியாகும், ஆனால் மிஞ்சியிருக்கிற மூலக்கூறுகளின் ஒளி நீடிக்கும் நேரம் அவ்வளவாக மாறாது, நல்ல மீட்டர்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அந்த நம்பிக்கை எங்கள் குட்டையில் எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்பதைத்தான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

இறால் பண்ணைக்காரர் லாபத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறியது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகி, அது அழுகும்போது தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைக் குடித்துவிட, தீவுகளைச் சுற்றி இருந்த பவளங்கள் செத்தன. அது 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986-இல் அறிவித்தது. பவளத்துக்கு வெப்பத்தால் வெளிறல் ஒரு பக்கம் என்றால் மூச்சுத்திணறல் இன்னொரு பக்கம். தீவைச் சுற்றி ஆங்காங்கே ஆக்சிஜன் படலம் ஒட்டிய மலிவான கருவிகள் ஆண்டு முழுக்க நின்று விடியற்காலை அளவைச் சொல்லிக்கொண்டிருந்தால், கடல் பச்சையாகிக் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இறக்குமதி மூடியை வாங்கி அத்தனை இடத்தில் போட்டு ஆண்டுதோறும் மாற்ற எந்தத் துறைக்கும் கட்டுப்படியாகாது. இங்கேயே செய்த, இங்கேயே வெயில் பார்த்த படலம்தான் அதற்கு வழி. பாசி எடுக்கிற பெண்களும் நாட்டுப்படகுக்காரர்களும் தினமும் போகிற இடங்கள் அவை, கருவியைப் போடவும் எடுக்கவும் அவர்களைச் சேர்த்துக்கொண்டால் வேலையும் ஒழுங்காக நடக்கும், அவர்களுக்குக் கூலியும் கிடைக்கும்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எந்த மாணவராவது செய்து பார்க்கக் கிளம்பினால் ஒரு எச்சரிக்கை. டியோஸுக்குப் பதிலாக டெட்ரா மெத்தாக்சி சிலேன் என்று ஒன்று உண்டு, வேகமாக வேலை செய்கிறது என்று ஆய்வுக்கட்டுரைகளில் நிறைய வரும். அதன் ஆவி கண்ணின் கருவிழியில் பட்டு அங்கேயே சிலிக்காவாகப் படிந்து பார்வையையே பறிக்கக்கூடியது, உடனே எரியாமல் சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் அதைத் தொடவே வேண்டாம். டியோஸும் எத்தனாலும் தீப்பற்றும், கண்ணுக்குக் கவசம், நல்ல காற்றோட்டம், பக்கத்தில் அடுப்பு இல்லாத இடம், இது மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. ஆசிரியர் கூட இல்லாமலும் கூடாது.

உங்களிடம் கேட்பது ஒன்று. அடுத்த முறை உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது, எழுதுகிறவர் அந்த ஆராய்ச்சியாளரிடம், இது எந்த வெப்பத்தில், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் சோதித்தது, வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டு அந்தப் பதிலையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் அதையும் போடுங்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இது அவமானம் இல்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நாலு பேருக்குத் தெரியும்.

படலம் வைக்க இடம் தேடுகிற கல்லூரிகளுக்கு, என் வீட்டு மொட்டைமாடி தெற்கு பார்த்தது, கடற்கரை நடக்கிற தூரம்தான். குட்டைக்குள் வலைப்பை தொங்கவிட அனுமதி கேட்டால் கொடுக்கிற பண்ணைக்காரர்கள் எனக்குப் பழக்கம், அறுவடை முடிந்து குட்டையைக் காயப்போடும் மாதங்களைத் தவிர மற்ற நாளெல்லாம் வைக்கலாம். அளவெடுக்கவும் நானே வருவேன். உங்கள் அலுவலகம் மூலமாகத் தொடர்புகொண்டால் போதும்.

இப்படிக்கு,
தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு வாசகர்,
தொண்டி, ராமநாதபுரம் மாவட்டம்.